பனிக்கு அடியில் ஒரு பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகத்தோட விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினாலும் அங்கே எப்பவும் அக்டோபர் மாசம்தான். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்கும். புல்தரையில் நாலு நிறத்தில் நாலு பேர், மடியில் புத்தகம், முகம் முழுக்கச் சிரிப்பு. நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிச்சப்போ எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் யுனிவர்சிட்டி தேர்ந்தெடுத்ததே இந்தப் படங்களைப் பாத்துதான். "மச்சி, இங்க அப்ளை பண்ணலாம்டா, செமயா இருக்கு"ன்னு சொல்லி ஆளுக்கு அஞ்சாறு இடத்துக்கு அப்பன் காசை அப்ளிகேஷன் ஃபீஸா கட்டினோம். அந்த ஊர்ல நவம்பர்ல ஆரம்பிக்கிற பனி ஏப்ரல்லதான் முழுசா விடும்னு எந்தப் படமும் சொல்லலை :-)

அந்தக் கணக்கைத் தீர்க்கிற மாதிரி, பனிப்புயல் அடிக்கிற நாளா பாத்து ஒரு பல்கலைக்கழகத்தைப் படமெடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. நான் ஆணி புடுங்குறது நியூ ஜெர்சியில. அங்கேருந்து வடக்கே நாலு மணி நேரம் வண்டி ஓட்டினா இத்தாக்கா. கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். கூடப் படிச்சவன் ஒருத்தன் அங்கே பிஎச்டி பண்றான். போன பிப்ரவரியில் வெள்ளிக்கிழமை ராத்திரியே போய்ச் சேர்ந்துட்டேன். சனிக்கிழமை காலையில் ஜன்னலைப் பாத்தா எதிர்வீடு காணோம். "இந்தப் பனியில எவனாச்சும் வெளிய போவானாடா?"ன்னு சொல்லிட்டு அவன் போர்வைக்குள்ள போயிட்டான். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின நிக்கானை ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டுக் கிளம்பினேன்.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். கயூகான்னு ஒரு ஏரி. ஒல்லியா, நீளமா, கிட்டத்தட்ட 60 கிலோமீட்டருக்குக் கிடக்கும். அதோட தெற்கு முனையில் ஊர். ஊருக்குக் கிழக்கே குன்று. குன்று மேல பல்கலைக்கழகம். ரெண்டு பக்கமும் ஆழமான பள்ளத்தாக்கு, அருவி, பாலம். கார்னெல்லோட பழைய கட்டடங்கள் மூணு, மோரில் ஹால், மெக்ரா ஹால், ஒயிட் ஹால்னு வரிசையா நிக்கும். அதே குன்றில் வெட்டின சாம்பல் நிறக் கல்லால கட்டினது. மூணுக்கும் முகப்பு மேற்கே, ஏரியைப் பாத்து. அந்தக் காட்சிக்காகவே இடம் தேர்ந்தெடுத்துக் கட்டின வரிசை அது.

அன்னிக்கு ஏரி இல்லை. ஊர் இல்லை. குன்றோட சரிவு இருபது அடியில் முடிஞ்சு அதுக்கப்புறம் வெறும் வெள்ளை. கையில கேமராவோட நிக்கறவனுக்கு மிஞ்சினது கல், ஜன்னல், படிக்கட்டு, தலையைக் குனிஞ்சுட்டு போற ஒண்ணு ரெண்டு ஆட்கள். இப்படி ஒரு நாள் கிடைச்சா, பக்கத்துல இருக்கறதை மட்டும் பாக்க வேண்டியதாயிடும். நானும் அதைத்தான் பாத்தேன். பாக்கப் பாக்க ஒவ்வொரு கல்லுக்கும் பின்னாடி ஒரு கதை நின்னுது. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

முதல்ல கொஞ்சம் தொழில்நுட்பம். நமக்குப் பனின்னா மார்கழி மாசம் புல்லு மேல இருக்கிற ஈரமும், கார் கண்ணாடியில படியற புகையும்தான். கொட்டுற பனியைக் கேமரா எப்படிப் பாக்கும்னு யாரும் சொல்லிக் கொடுக்கறதில்லை. கேமராவுக்குள்ள இருக்கிற மீட்டர், எதிர்ல இருக்கிறது எதுவானாலும் சராசரியா ஒரு நடுத்தரச் சாம்பல்னு நினைச்சுத்தான் கணக்குப் போடும். முழுக்க வெள்ளையா இருந்தா "ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு குறைச்சிடும். பனி அழுக்கு வேட்டி மாதிரி வரும். அதனால ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை ஸ்டாப் கூட்டி வைக்கணும். அப்புறம் ஷட்டர் வேகம். அறுபதில் ஒரு செகண்ட் வெச்சா விழற பனி கோடு கோடா வரும். ஐந்நூறில் ஒரு செகண்ட் வெச்சா புள்ளி புள்ளியா காத்துல நிக்கும். ஃப்ளாஷ் போடவே கூடாது. லென்ஸுக்குப் பக்கத்துல விழற பனியெல்லாம் வெள்ளை உருண்டையா படத்தை அடைச்சிடும். பாட்டரி குளிர்ல சீக்கிரம் படுத்துடும், அதனால இன்னொண்ணைச் சட்டைப் பைக்குள்ள உடம்புச் சூட்டுல வெச்சுக்கணும். திரும்ப உள்ளே வரும்போது கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுடணும். இல்லைன்னா கேமராவுக்கே வேர்த்துடும்.

இந்த வசதியெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. 1839-ல் டகேர் தன்னோட முறையை பாரீஸ்ல வெளியிட்டப்போ, ஒரு படத்துக்குப் பல நிமிஷம் லென்ஸைத் திறந்தே வெச்சிருக்கணும். அவ்வளவு நேரத்துல விழற பனி தகட்டுல பதியவே பதியாது. புயலுக்கு நடுவுல நின்னு எடுத்தாலும் மங்கலான ஒரு சுவர்தான் கிடைக்கும். கையில தூக்கிட்டுப் போற சின்ன கேமராவும் வேகமான தகடும் வந்த பிறகுதான் புயல் படத்துக்குள்ள வந்துச்சு. 1893 பிப்ரவரி 22-ம் தேதி ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் கொட்டற பனியில் மூணு மணி நேரம் நின்னு, எதிர்ல ஒரு குதிரை வண்டி சரியான இடத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து எடுத்த படம் இன்னிக்கும் பேசப்படுது. மூணு மணி நேரம்! நான் நாப்பது நிமிஷத்துல காபிக் கடையைத் தேடினவன்.

டகேர் பேரை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. அவர் பாரீஸ்ல அந்த வித்தையை வெளியிடறதுக்கு முன்னாடியே, 1839 மார்ச்ல, அதை நேர்ல போய்ப் பாத்த அமெரிக்கர் ஒருத்தர் உண்டு. சாமுவேல் மோர்ஸ். ஆமாங்க, தந்தி மோர்ஸ்தான். அவர் அடிப்படையில் ஓவியர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஊருக்குத் திரும்பி, அந்த வருஷமே பல்கலைக்கழகக் கட்டடத்தின் ஜன்னல் வழியா எதிர்ல இருந்த சர்ச்சைப் படமெடுத்தார். அமெரிக்காவில் எடுத்த முதல் புகைப்படங்களில் அது ஒண்ணு. கூட வேலை பாத்த வேதியியல் பேராசிரியர் ஜான் டிரேப்பரோட சேர்ந்து மொட்டை மாடியில் ஸ்டுடியோ போட்டு, மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த நாட்டுல புகைப்படம் தவழ ஆரம்பிச்சதே ஒரு பல்கலைக்கழக மாடியிலதான்னு சொல்லலாம்.

அதே மோர்ஸுக்கு 1843-ல் அமெரிக்க காங்கிரஸ் 30,000 டாலர் கொடுத்தது, வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவுல தந்திக் கம்பி போட. கம்பியை மண்ணுக்கு அடியில் புதைக்கறதா திட்டம். பள்ளம் தோண்டி, குழாயைப் போட்டு, உடனே மூடிக்கிட்டே போற ஒரு கலப்பை வேணும். அதைச் செஞ்சு கொடுத்தவர் கலப்பை விக்கிற வேலையா ஊர் ஊரா நடந்துக்கிட்டிருந்த 36 வயசு மெக்கானிக். பேரு எஸ்ரா கார்னெல். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. 1828-ல் இத்தாக்காவுக்கு வேலை தேடி வந்த ஆள்.

புதைச்ச கம்பியில் இன்சுலேஷன் சரியில்லை. மின்சாரம் மண்ணுலேயே ஓடிப்போயிடுச்சு. வேலையை நிறுத்தணும், ஆனா பத்திரிகைக்காரங்களுக்குத் தோல்வின்னு தெரியக் கூடாது. கார்னெல் என்ன பண்ணார்னா, கலப்பையை வேணும்னே ஒரு பாறையில் மோதி உடைச்சார். "மெஷின் ரிப்பேர்"னு சொல்லி வேலை நின்னுது. சர்வர் டவுன்னு மெயில் போட்டுட்டு உள்ளே பக் தேடற நம்ம ஆட்களுக்கு இவர்தான் குலதெய்வம் :-) அப்புறம் கம்பத்துல கண்ணாடி இன்சுலேட்டர் வெச்சுக் கம்பி இழுத்தாங்க. 1844 மே 24-ம் தேதி முதல் தந்தி போச்சு. கார்னெல் சம்பளத்தை, லாபத்தையெல்லாம் தந்திக் கம்பெனிப் பங்குகளாவே வெச்சுக்கிட்டு பல வருஷம் கடன்ல ஓட்டினார். 1850-களில் கம்பெனிகள் சேர்ந்து வெஸ்டர்ன் யூனியன் ஆனப்போதான் கோடீஸ்வரன் ஆனார். அந்தக் காசுலேருந்து 5,00,000 டாலரும், குன்று மேல இருந்த தன்னோட பண்ணை நிலமும் கொடுத்து 1865-ல் உருவானதுதான் இந்தப் பல்கலைக்கழகம். யாரும் எதையும் படிக்கலாம்கிறது அவர் வெச்ச கொள்கை. மதம் கேக்க மாட்டோம்னு சொன்னது அந்தக் காலத்துல பெரிய விஷயம். 1870-களிலேயே பெண்களையும் சேர்த்துக்கிட்டாங்க.

முற்றத்துல ரெண்டு சிலை இருக்கு. மேற்கே எஸ்ரா கார்னெல் நிக்கிறார், கிழக்கே முதல் தலைவர் ஆண்ட்ரூ ஒயிட் உட்கார்ந்திருக்கார். ரெண்டு பேரும் எதிரும் புதிருமா. ராத்திரியில் இவங்க இறங்கி வந்து நடுவுல கை குலுக்கிக்குவாங்கன்னு மாணவர்கள் கட்டின கதை ஒண்ணு உண்டு, அதுக்கு ஆதாரமா தரையில பெயின்ட் அடிச்ச கால்தடங்களும் உண்டு. அன்னிக்குப் பெயின்ட் எல்லாம் பனிக்கு அடியில. எஸ்ராவோட தோள்ல நாலு அங்குலம் வெள்ளை, ஒயிட்டோட மடியில ஒரு தலையணை அளவு. ரெண்டு சிலைக்கும் நடுவுல புதுசா ஒரே ஒரு ஆள் நடந்த தடம். எனக்குப் பிடிச்ச படம் அன்னிக்கு அதுதான்.

ஒயிட்டைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். அந்த மனுஷனுக்குக் கட்டடப் படங்கள்னா பைத்தியம். ஐரோப்பா போற இடமெல்லாம் கோயில், அரண்மனை, பாலம்னு கட்டடப் புகைப்படங்களா வாங்கிச் சேர்த்தார். 1871-ல் கார்னெல் கட்டடக்கலைத் துறை ஆரம்பிச்சப்போ பாடம் நடத்த அந்தப் படங்கள்தான் உதவிச்சு. சுமார் 13,000 படங்கள் இருக்கிற தொகுப்பு அவர் பேரிலேயே நூலகத்துல இன்னிக்கும் இருக்கு. (ரத்தன் டாடா கட்டடக்கலை படிச்சது இந்தத் துறையிலதான்.) இந்தக் குன்றையே எடுத்த பழைய படங்கள்ல பாத்தா சிரிப்பும் வருது, பயமும் வருது. மரமே இல்லை. மொட்டைக் குன்று, சேறு, வேலி, நடுவுல அந்தக் கல் கட்டடங்கள் மட்டும். 1868 அக்டோபர் 7-ம் தேதி திறந்தப்போ 412 பேர் சேர்ந்தாங்க. ஹீட்டர் வசதியோ, பனி தள்ளற வண்டியோ இல்லாத காலம். அந்த மொட்டைக் குன்றுல முதல் பிப்ரவரியை எப்படித்தான் தள்ளினாங்களோ.

படமெடுத்துட்டு இருக்கும்போதே மணிச் சத்தம் கேட்டுச்சு. நூலகத்தை ஒட்டி ஒரு கோபுரம் இருக்கு. 173 அடி உயரம், 161 படி. கோபுரத்தோட பாதிக்கு மேல வெள்ளைக்குள்ள போயிடுச்சு, ஆனா சத்தம் மட்டும் வந்துது. மணிகளை இன்னிக்கும் மாணவர்கள்தான் மேல ஏறிப் போய்க் கையால இயக்கறாங்க. முதல் ஒன்பது மணிகளைக் கொடுத்தவர் ஜென்னி மெக்ரா. மர வியாபாரி ஒருத்தரோட பொண்ணு. திறப்பு விழா அன்னிக்கு கோபுரம் கூடக் கிடையாது, மரச் சட்டத்துல தொங்கவிட்டு அடிச்சாங்க. ஜென்னி 1880-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டு, அடுத்த வருஷமே காசநோய்ல இறந்துட்டார். சொத்துல பெரும்பகுதியை நூலகம் கட்டப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வெச்சிருந்தார். கணவர் வழக்குப் போட்டார். 1890-ல் உச்ச நீதிமன்றத்துல பல்கலைக்கழகம் தோத்தது. காரணம் விசித்திரமானது. 30 லட்சம் டாலருக்கு மேல சொத்து வெச்சிருக்கக் கூடாதுன்னு கார்னெல்லோட சாசனத்துல ஒரு வரம்பு இருந்துது. ஜென்னி சாகறதுக்கு முன்னாடியே அந்த வரம்பைத் தாண்டியாச்சுன்னு தீர்ப்பு.

எப்படித் தாண்டிச்சு? எஸ்ரா கொடுத்தது 5 லட்சம்தானே? இங்கேதான் கதை இத்தாக்காவை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல மேற்கே, விஸ்கான்சின் காட்டுக்குப் போகுது.

1862-ல் லிங்கன் கையெழுத்துப் போட்ட மோரில் சட்டம்னு ஒண்ணு. விவசாயமும் பொறியியலும் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி ஆரம்பிக்க, ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு நிலம் கொடுக்கும். காங்கிரஸ்ல இருக்கிற ஒவ்வொரு உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர். நியூயார்க்குக்கு 33 பேர். பெருக்கிப் பாருங்க, 9,90,000 ஏக்கர். அவ்வளவு பொது நிலம் நியூயார்க்ல கிடையாது. அதனால மேற்கே எங்கே வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு ஒரு நிலப் பத்திரம் கொடுத்தாங்க. மத்த மாநிலங்கள் அந்தப் பத்திரத்தை ஏக்கருக்கு அரை டாலர் அளவுக்கு அவசரமா வித்துத் தீர்த்தாங்க. கார்னெல் மட்டும் விக்காம, பத்திரத்தைத் தானே வாங்கி, விஸ்கான்சின்ல சுமார் 5,00,000 ஏக்கர் பைன் மரக்காட்டைத் தேர்ந்தெடுத்து, விலை ஏறட்டும்னு பல்கலைக்கழகத்துக்காக வெச்சிருந்தார். 1874-ல் அவர் இறந்த பிறகு ஹென்றி சேஜ்கிற மர வியாபாரி அந்தக் கணக்கைப் பாத்துக்கிட்டார். சிகாகோவும் மத்த நகரங்களும் வளர வளர மரத்துக்குக் கிராக்கி. கடைசியில் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர் லாபம். எஸ்ரா கொடுத்ததைப் போல பத்து மடங்கு. கார்னெல்னு விஸ்கான்சின்ல ஒரு சின்ன ஊரே இருக்கு, இவர் பேர்ல. நான் காலையில படமெடுத்த முதல் கட்டடத்துக்கு ஏன் மோரில் ஹால்னு பேருன்னு இப்போ புரிஞ்சிருக்கும். வழக்கு தோத்த பிறகு நூலகத்தையும் கோபுரத்தையும் தன் காசுல கட்டிக் கொடுத்தவரும் அதே சேஜ்தான்.

இதுவரைக்கும் புத்திசாலித்தனமான முதலீட்டுக் கதை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் படிச்சேன். ஆனா அந்த நிலம் அரசாங்கத்துக்கு எப்படி வந்தது? விஸ்கான்சின் பைன் காடுகள் ஓஜிப்வே மக்களோடது. 1837, 1842 ஒப்பந்தங்கள்ல வாங்கினது. 2020-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒண்ணு மோரில் சட்டத்தோட முழுக் கணக்கையும் நிலம் நிலமா தோண்டி எடுத்துது. சுமார் 1 கோடியே 7 லட்சம் ஏக்கர், ஏறக்குறைய 250 பழங்குடிச் சமூகங்களோடது, 52 பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கு. அதுல எல்லாரையும் விட அதிகம் சம்பாதிச்சது கார்னெல்.

சரி, விஸ்கான்சினை விடுங்க. நான் நின்ன குன்று?

ஏரிக்குக் கயூகான்னு பேர் வெச்சது எந்த வெள்ளைக்காரனும் இல்லை, அது அங்கே இருந்த மக்களோட பேர். இரோக்வாய் கூட்டமைப்புல இருந்த ஆறு இனங்கள்ல கயூகா ஒண்ணு. அமெரிக்க சுதந்திரப் போர்ல கூட்டமைப்புல பெரும்பாலானவங்க பிரிட்டிஷ் பக்கம் நின்னாங்க. 1779 கோடையில ஜார்ஜ் வாஷிங்டன், ஜெனரல் சல்லிவனை ஒரு படையோட அனுப்பினார். ஊர்களை அழிக்கணும், பயிரை அழிக்கணும்கிறது நேரடி உத்தரவு. 40-க்கும் மேல ஊர்களைக் கொளுத்தினாங்க. பழத்தோட்டங்களை வெட்டினாங்க. அறுவடைக்கு நின்ன சோளம் மட்டும் 1,60,000 புஷல் அழிச்சதா சல்லிவனே கணக்கு எழுதினார். இன்னிக்கு இத்தாக்கா இருக்கிற இடத்துக்குத் தெற்கே, கயூகாக்கள் அடைக்கலம் கொடுத்த டுட்டெலோ மக்களோட ஊர் ஒண்ணு இருந்துது. அதுவும் அந்த செப்டம்பர்ல எரிஞ்சுது.

பயிரை எரிச்சது செப்டம்பர்ல. அடுத்து வந்தது 1779-80 குளிர்காலம். அந்த நூற்றாண்டுலேயே மோசமான குளிர்காலங்கள்ல ஒண்ணு. நியூயார்க் துறைமுகத்துல கடல் நீரே உறைஞ்சு, பிரிட்டிஷ்காரங்க பனிக்கட்டி மேல பீரங்கியை இழுத்துட்டுப் போனாங்கன்னா பாத்துக்குங்க. வீடும் சோளமும் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நயாகரா கோட்டையைச் சுத்தி, பிரிட்டிஷார் கொடுக்கிற ரேஷனுக்காகக் குடிசை போட்டுக் கிடந்தாங்க. பசியிலும் குளிர்லயும் பல பேர் செத்தாங்க. அதே குளிர்காலத்துல வாஷிங்டனோட படையும் நியூ ஜெர்சி மோரிஸ்டவுன்ல பட்டினி கிடந்துது. அது எனக்குத் தெரியும், ஏன்னா என் வீட்டுலேருந்து அரை மணி நேரத்துல அந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்காவா இருக்கு. சிப்பாய்கள் தங்கின மரக்குடிசை மாதிரியே கட்டி வெச்சு, பலகை மாட்டி வெச்சிருக்காங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ல கூட்டிட்டு வந்து காட்டுவாங்க. ஒரே குளிர்காலம்தான். ஒரு பக்கத்துப் பட்டினி பாடப் புத்தகத்துல வந்துது, இன்னொரு பக்கத்துப் பட்டினியைத் தேடித்தான் படிக்கணும்.

போர் முடிஞ்சதும் அந்த நிலத்தை அளந்து, சம்பளத்துக்குப் பதிலா சிப்பாய்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. புது ஊர்களுக்கு ஹோமர், விர்ஜில், ஓவிட், ரோமுலஸ், இத்தாக்கான்னு கிரேக்க ரோமானியப் பேரா வெச்சாங்க. 1794 ஒப்பந்தத்துல கயூகாக்களுக்குன்னு 64,000 ஏக்கர் ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷமே, அப்புறம் 1807-ல், மத்திய அரசோட ஒப்புதல் இல்லாமலேயே நியூயார்க் மாநிலம் அதையும் வாங்கிக்கிச்சு. 2001-ல் ஒரு நீதிமன்றம் அதுக்காக 24 கோடியே 79 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொல்லுச்சு. 2005-ல் மேல்முறையீட்டுல, ரொம்பத் தாமதமா வந்தீங்கன்னு அதையும் ரத்து பண்ணிட்டாங்க. ஏரி மட்டும் பேரை வெச்சுக்கிட்டு இருக்கு.

1779-80 குளிர்காலத்துக்கு ஒரு படமும் கிடையாது. இருக்கவும் முடியாது. டகேர் வர்றதுக்கு இன்னும் அறுபது வருஷம் இருந்துது. மோர்ஸ் படமெடுத்தார், மோர்ஸோட தந்தியில எஸ்ரா காசு பண்ணார், அந்தக் காசுல வந்த பல்கலைக்கழகத்துக்கு ஒயிட் 13,000 படம் சேர்த்தார். புகைப்படமும் கார்னெல்லும் ஒரே வேர்ல முளைச்சதுதான். ஆனா ரெண்டுமே வர்றதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் அந்த ஆல்பத்துல இல்லை. கல் கட்டடத்துலேருந்து ஆரம்பிக்கிற ஆல்பம் அது. அதனாலதான் 1865-க்கு முன்னாடி அங்கே வெறும் மொட்டைக் குன்றுதான் இருந்துதுன்னு நம்ம கண்ணு நம்பிடுது.

இன்னொரு விஷயம். கார்னெல்லைப் பத்தின புகைப்படங்கள்லேயே உலகம் முழுக்கப் போனது இலையுதிர்காலப் படமும் இல்லை, பனிப் படமும் இல்லை. 1969 ஏப்ரல்ல கறுப்பின மாணவர்கள் வில்லர்ட் ஸ்ட்ரெய்ட் ஹால்கிற மாணவர் மன்றக் கட்டடத்தைக் கைப்பற்றினாங்க. அதுக்கு முந்தின நாள்தான் கறுப்பினப் பெண்கள் தங்கியிருந்த வீட்டு வாசல்ல யாரோ சிலுவையை எரிச்சிருந்தாங்க. உள்ளே இருந்தவங்களை வெள்ளை மாணவர்கள் சிலர் புகுந்து வெளியேத்தப் பாத்தாங்க. அதுக்கப்புறம் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உள்ளே போச்சு. ஏப்ரல் 20-ம் தேதி சமரசம் ஆகி, துப்பாக்கியோட அவங்க கதவைத் திறந்து வெளியே வந்த நொடியை அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் ஸ்டீவ் ஸ்டார் எடுத்தார். 1970-ல் புலிட்சர் பரிசு. 1969-லேயே ஆப்பிரிக்கவியல் துறை வந்துது. எந்த விளம்பரப் புத்தகத்துலயும் அந்தப் படத்தை நான் பாத்ததில்லை. ஆனா அதே வாசற்படியைத்தான் அன்னிக்கு ஒருத்தர் பெரிய மண்வாரி வெச்சுப் பனி தள்ளிட்டு இருந்தார். என்னைப் பாத்து, "இன்னும் பத்து நிமிஷத்துல திரும்ப மூடிடும், சீக்கிரம் எடுத்துக்கோ"ன்னார். எடுத்துக்கிட்டேன்.

அன்னிக்கு 212 படம். தேறினது ஒன்பது. வழக்கமா நான் படத்துக்குக் கீழ ஊர் பேரும் தேதியும் மட்டும்தான் போடுவேன். இந்தத் தடவை மோரில் ஹால் படத்துக்குக் கீழ ரெண்டு வரி கூடப் போட்டிருக்கேன்: கட்டின வருஷம், எந்தச் சட்டத்தோட பேர், எந்த நிலத்தோட காசு, அதுக்கு முன்னாடி அங்கே யார். படத்தோட அழகு அதனால குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலை. குறைஞ்சாலும் பரவாயில்லை.

இதை அமெரிக்காக்காரனோட பாவக் கணக்குன்னு மட்டும் படிச்சுட்டுப் போயிடாதீங்க மக்களே. நான் படிச்ச காலேஜ்ல ஐப்பசி மழை வலுத்தா மெக்கானிக்கல் லேப் வாசல்ல முழங்கால் தண்ணி நிக்கும். செமஸ்டர் பரீட்சைக்குப் பேண்ட்டை மடிச்சுவிட்டுட்டுப் போயிருக்கோம். பக்கத்துல டீக்கடை வெச்சிருந்த பெரியவர், "இது ஏரி தம்பி, தண்ணி அதோட வீட்டுக்கு வருது"ன்னு சொல்லுவார். நாங்க சிரிச்சோம். அந்த ஏரிக்கு ஆயக்கட்டு எவ்வளவு, எத்தனை பேர் அதை நம்பி நெல் போட்டாங்க, எந்த வருஷம் பட்டா மாறிச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை. எங்க காலேஜ் விளம்பரப் புத்தகத்துலயும் எப்பவும் வெயில்தான், புல்தரைதான், சிரிக்கிற நாலு பேர்தான். உங்க காலேஜ் எந்த நிலத்து மேல நிக்குதுன்னு தெரிஞ்சா எழுதுங்க. படமெடுக்கணும்னா மழை நாளா பாத்துப் போங்க.